முகிலுக்கு ஒரு பாதை

ஈட்டுவதிலும் பார்க்க ஈட்டியதைக் காப்பது அரிது என்பது பொருளுக்கு மாத்திரமன்றி அறிவுக்கும் பொருந்துவதாகும். ஏட்டுச் சுவடிகளுக்கு எண்ணெய் பூசித் துணியிற் பொதிந்து வைத்த தலைமுறையும், காணி உறுதிகளைத் தகரப் பெட்டியிலிட்டு உள்ளறையில் வைத்துப் பூட்டிய தலைமுறையும் இவ்வுண்மையை நன்கறிந்திருந்தன. அவர்களின் காவல்முறை எளியது. காக்கப்படும் பொருள் ஓரிடத்தில் இருந்தது. அவ்விடத்துக்கு ஒரு கதவு இருந்தது. கதவுக்கு ஒரு திறப்பு இருந்தது. திறப்பு வீட்டுப் பெரியவரின் மடியில் இருந்தது. கணினியின் வருகையோடு பொருள் மாறியதேயன்றிக் காவல்முறை நெடுங்காலம் மாறவில்லை. நிறுவனம் ஒவ்வொன்றும் தனக்கெனக் குளிரூட்டிய அறையொன்றை அமைத்து, அதனுள்ளே சேவையகக் கணினிகளை நிறுத்தி, வாயிலைப் பூட்டித் திறப்பை ஒருவரிடம் ஒப்படைத்தது. அண்மைக் காலத்திலேதான் அவ்வறையின் சுவரைத் துளைத்து, கண்காணாத் தொலைவிலுள்ள இன்னொரு கட்டடத்தோடு அதனை இணைக்க வேண்டிய நிலை தோன்றியுள்ளது. அவ்விணைப்பைப் பாதுகாப்பாக அமைப்பது எவ்வாறு என்பது தொழினுட்பவியலாளருக்கு மட்டும் உரிய வினாப்போலத் தோன்றினும், உற்று நோக்குமிடத்து அது நம்பிக்கை பற்றிய வினாவாகவே அமைந்துவிடுகின்றது.

அத்தொலைக் கட்டடத்துக்கு இன்று வழங்கும் பெயர் முகில் என்பதாகும். வலையமைப்புப் படங்களை வரைந்த பொறியியலாளர்கள், உள்ளே நடப்பதை விவரிக்கத் தேவையில்லாத பகுதியை முகில் வடிவாக வரைந்து விட்டனர். அவ்வழக்கிலிருந்தே இப்பெயர் நிலைபெற்றது எனலாம். பெயர் அழகியதாயினும் மயக்கந் தருவது. முகில் வானத்தில் இல்லை, நிலத்திலேயே நிற்கின்றது. அது மின்சாரத்தை உண்டு, வெப்பத்தை உமிழும் பெருங் கட்டடங்களின் தொகுதியேயாம். அமெசன் நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் தன் சேமிப்பிடத்தையும் கணிக்கும் ஆற்றலையும் வாடகைக்கு விடத் தொடங்கியபோது இத்துறை இன்றைய வடிவத்தைப் பெற்றது. அந்நிறுவனம் 2010 இல் சிங்கப்பூரிலும் 2016 இல் மும்பையிலும் தன் நிலையங்களைத் திறந்தது. மைக்கிறோசொவ்ற் நிறுவனம் 2015 இல் சென்னையில் ஒன்றை நிறுவியது. இலங்கையிலுள்ள நிறுவனமொன்று இவற்றுள் ஒன்றை நாடுமாயின், அதன் தரவு கடலடி வடங்களின் வழியாகவே கடல் கடக்கவேண்டும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையினுள் ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். ஆகவே ஒரு செய்தி அங்கு சென்று மீள்வதற்கு, வடம் நேராகவே கிடப்பினும், செக்கனின் ஆயிரத்தில் 27 பங்கு வேண்டும். மனிதருக்கு அது கண்ணிமைப்பொழுதிலும் சிறியது. கணினிக்கோ அது நெடும்பயணம்.

இவ்வளவு தொலைவிலுள்ள இடத்துக்கு யாவற்றையும் ஒருமிக்கப் பெயர்த்துச் செல்லும் நிறுவனங்கள் சிலவே. பெரும்பாலானவை பாதியை வீட்டிலும் பாதியை முகிலிலும் வைத்திருக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியம, தொழினுட்ப நிறுவகம் 2011 இல் முகிற் கணிமைக்கு வரைவிலக்கணம் வகுத்தபோது, இத்தகைய ஏற்பாட்டைக் கலப்பு முகில் என ஒரு தனி வகையாகவே கொண்டது. பழைய செயலிகள் புதிய இடத்தில் இயங்க மறுத்தல், ஆட்களின் தனிப்பட்ட விபரங்களை வெளியே கொண்டுசெல்வதில் சட்டம் விதிக்கும் கட்டுப்பாடு, மாதந்தோறும் வரும் வாடகைச் செலவு, பழக்கத்தின் பிடி எனக் காரணங்கள் பல. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்ட பின்னர், இரண்டாவது காரணம் பொறுப்புள்ள எந்த அலுவலரும் புறக்கணிக்கவியலாத ஒன்றாயிற்று. இவ்வாறு வீடு இரண்டாகுமிடத்து, இரண்டுக்குமிடையே பாதையொன்று தவிர்க்கவியலாததாகின்றது. வீடுகள் இரண்டும் எவ்வளவு உறுதியாயினும், பாதை உறுதியற்றதாயின் காவல் இல்லை.

இப்பாதையின் சுமையை உண்மையில் தாங்குபவர் யார் என்பதை நோக்குதல் வேண்டும். நிறுவனத்தின் உயர்பீடம் தீர்மானத்தை நிறைவேற்றும். விற்பவர் படங்காட்டி விளக்கிச் செல்வார். ஆயின் நள்ளிரவில் எழுந்து விடை கூறவேண்டியவர் கணினி அறைப் பொறுப்பாளர் ஒருவரே. வடபுலத்துக் கல்வி நிறுவனம் ஒன்றில் அவ்வாறான ஒருவர் இருக்கின்றார். மின்தடை, வெப்பம், கறையான், உதிரிப்பாகத் தட்டுப்பாடு என்பவற்றோடு பல ஆண்டுகள் போராடித் தம் அறையைக் காத்தவர் அவர். மின்பிறப்பாக்கியின் ஓசையைக் கேட்டே எரிபொருளின் அளவை உய்த்துணரக் கூடியவர் என்று உடன் பணியாற்றுவோர் கூறுவர். கையால் தொடக்கூடியதே நம்பத்தக்கது என்பது அவருடைய கொள்கையாயிருந்தது. மாணவர் பதிவேடுகளினதும், எண்ணிம வடிவாக்கப்பட்ட சுவடிகளினதும் இரண்டாம் பிரதியை முகிலில் வைக்கவேண்டுமென்ற யோசனை எழுந்தபோது அவர் அதனை விரும்பவில்லை. தம் பொருளைப் பிறர் வீட்டில் வைத்துவிட்டு உறங்குவது எங்ஙனம் என்பதே அவர் வினா.

அவ்வினாவை அசைத்தவர் பொறியியலாளர் அல்லர். ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர். சுவடிகளை எண்ணிம வடிவாக்கும் பணிக்கு உதவுவதற்காக வந்து செல்லும் அவர், ஒருநாள் கணினி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "தம்பி, இந்த அறை எரிஞ்சால் என்ன செய்வியள்?"

"ஐயா, தீயணைக்கிற ஏற்பாடு எல்லாம் சரியா இருக்கு."

"அது சரி. எரிஞ்சால் என்ன செய்வியள் எண்டுதான் கேட்டனான்."

அந்த நூலகரின் தலைமுறைக்கு இவ்வினா கற்பனையன்று. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயலின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதும், ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததும் யாவரும் அறிந்தவை. அச்சிட்ட நூல்களிற் பலவற்றுக்கு உலகின் வேறெங்கேனும் இன்னொரு பிரதி கிடைத்தது. ஓரேயொரு பிரதியாக அங்கிருந்த ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் மீளவேயில்லை. இழப்பின் மிகக் கொடிய பகுதி நெருப்பினால் மட்டும் விளைந்ததன்று. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக அவை இருந்தமையாலும் விளைந்தது. அவ்வனுபவத்தைப் பின்னணியாகக் கொண்டு நோக்கின், 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் ஈழத்துத் தமிழருக்கு ஏன் வெறும் வசதியாக அன்றி ஒரு கடமையாகத் தோன்றின என்பது விளங்கும்.

எனினும், முகில் என்ற பெயரைச் சூட்டிக்கொண்ட மாத்திரத்தில் எதுவும் காப்புப் பெற்றுவிடுவதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இலங்கை அரசின் முகிற் தொகுதி 2023 ஓகஸ்ற் மாதத்தில் கப்பங் கோரும் தீநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் விளைவாக, அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்களுள் மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையானவை இழக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்குரிய தனிப் பிரதி வேறெங்கும் இருக்கவில்லை. தென்கொரியாவின் தேயோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் 2025 செப்ரெம்பர் 26 இல் மின்கலங்களிலிருந்து தீ பரவியபோது அறுநூறுக்கு மேற்பட்ட அரச சேவைகள் தடைப்பட்டன. அரச அலுவலர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த தொகுதியொன்றில் 858 ரெறாபைற்றுத் தரவு மீட்கவியலாது அழிந்தது. அதற்கும் வெளியே பிரதி இருக்கவில்லை. ஆகவே இடத்தின் பெயர் முக்கியமன்று. இடங்கள் இரண்டாயிருத்தலும், ஒன்றன் அழிவு மற்றொன்றைத் தீண்டாதிருத்தலுமே முக்கியம். பொறுப்பாளர் இதனை ஏற்றுக்கொண்டார். அதன்பின் அவருடைய கவலை அறையை விட்டுப் பாதைக்கு இடம்பெயர்ந்தது.

பொது இணையத்தின் வழியே செல்லும் தரவு தபாலட்டையை ஒத்தது. வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் முகவரியைப் படித்தே அதனை அடுத்த நிலையத்துக்கு அனுப்புகின்றது. முகவரியைப் படிப்பவர் செய்தியையும் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். இதற்கு மாற்றாகவே 1995 ஆம் ஆண்டிலிருந்து இணைய நெறிமுறைப் பாதுகாப்பு என்னும் முறைமை வகுக்கப்பட்டு வந்துள்ளது. இதன் அடிப்படை, கடிதத்துள் கடிதம் என்பதாகும். அறையின் எல்லையிலுள்ள கருவி, உள்ளிருந்து வரும் பொதியை முகவரியோடு முழுமையாக மறைகுறியாக்கி, வேறொரு பொதியினுள் இட்டு, முகிலின் எல்லையிலுள்ள கருவிக்கு அனுப்புகின்றது. வழியில் நிற்பவர் காண்பன இரண்டு கருவிகளின் முகவரிகளை மட்டுமே. ஒவ்வொரு பொதியோடும் ஒரு முத்திரையும் செல்கின்றது. உள்ளடக்கத்தில் ஒரேயோர் எழுத்து மாறினும் முத்திரை பொருந்தாது, பொதி வீசப்படும். மறைகுறியாக்குவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது, பெல்ஜிய நாட்டறிஞர் யோவான் டேமன், வின்சன்ற் றைமன் ஆகிய இருவரும் உருவாக்கி, 2001 இல் அமெரிக்க நியமமாக ஏற்கப்பட்ட முறையாகும். இவ்வாறு அமையும் பாதையைச் சுரங்கம் என்பர்.

ஆயின், இரு கருவிகளுக்கும் பொதுவான இரகசியத் திறப்பு ஒன்று வேண்டுமே. அதனை யாவரும் பார்க்கும் அதே பாதை வழியே அனுப்புவது எவ்வாறு? இது நெடுங்காலம் தீராத சிக்கலாயிருந்தது. விற்ஃபீல்ட் டிஃபி, மாட்டின் ஹெல்மன் ஆகியோர் 1976 இல் வெளியிட்ட கட்டுரை இதனைத் தீர்த்தது. பிரித்தானிய அரசின் இரகசியத் தொடர்பாடற் பிரிவினர் சில ஆண்டுகள் முன்னரே இதனைக் கண்டிருந்தனரெனினும் 1997 வரை அது வெளிவரவில்லை. அவர்களின் முறையைச் சிறிய எண்களால் விளக்கலாம். 3, 17 என்னும் இரண்டு எண்களை யாவரும் அறிவர். அறையிலுள்ள கருவி 5 என்னும் எண்ணை மனத்துள் வைத்து, 3 ஐ ஐந்து முறை தன்னோடு பெருக்கிப் பெற்ற 243 ஐ 17 ஆல் வகுத்து, மிச்சமாகிய 5 ஐ அனுப்புகின்றது. முகிலிலுள்ள கருவி 7 என்னும் எண்ணை வைத்து, 2187 ஐ அவ்வாறே வகுத்து, மிச்சமாகிய 11 ஐ அனுப்புகின்றது. முன்னது தனக்கு வந்த 11 ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தி 17 ஆல் வகுக்க மிச்சம் 10. பின்னது தனக்கு வந்த 5 ஐ ஏழாம் அடுக்குக்கு உயர்த்தி வகுக்கவும் மிச்சம் 10. இருவரும் பத்தை அடைந்தனர். பத்து என்னும் எண்ணோ பாதையில் ஒருபோதும் செல்லவில்லை. உண்மையில் பயன்படும் எண்கள் பல நூறு இலக்கங்களைக் கொண்டவையாதலின் ஒட்டுக் கேட்பவர் இதனைப் பின்னோக்கிக் கணித்தல் இயலாது. இத்திறப்பும் நிலையானதன்று, குறித்த கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படுகின்றது.

இம்முறை இரகசியத்தைத் தருகின்றதேயன்றி, மறுமுனையில் இருப்பவர் யார் என்பதைக் கூறுவதில்லை. பொய்யர் ஒருவரோடும் மிக இரகசியமாக உரையாடலாம். ஆதலின், முன்கூட்டி வேறு வழியாகப் பரிமாறிய இரகசியச் சொல்லொன்றையோ, மூன்றாமவர் உறுதிப்படுத்திய எண்ணிமச் சான்றிதழையோ கொண்டு இரு கருவிகளும் முதலில் தம்மை மெய்ப்பிக்க வேண்டும். மறைத்தல் வேறு, அறிதல் வேறு. பாதுகாப்பு என்பது இவ்விரண்டன் கூட்டாகும்.

பெரிய நிறுவனங்கள் பொது இணையத்தை விடுத்து, முகில் நிறுவனத்தின் வாயில் வரை தனிவடம் ஒன்றைக் குத்தகைக்குப் பெறுவதுமுண்டு. அமெசன் 2011 இலும் மைக்கிறோசொவ்ற் 2014 இலும் இத்தகைய சேவைகளைத் தொடங்கின. கொள்ளளவு கூடுதல், தாமதம் சீராதல் என்பன இதன் நன்மைகள். தனிவடம் என்றதும் அது இரகசியமானது என்று கொள்வது பலரின் இயல்பு. அது பிழையென்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சியொன்று உண்டு. எட்வேட் சினோடன் வெளிப்படுத்திய ஆவணங்களைக் கொண்டு வொஷிங்ரன் போஸ்ற் நாளிதழ் 2013 ஒக்ரோபர் 30 இல் வெளியிட்ட செய்தியின்படி, அமெரிக்க, பிரித்தானிய உளவு நிறுவனங்கள் கூகிள், யாகூ ஆகியவற்றின் தரவு நிலையங்களை இணைத்த தனி வடங்களிலிருந்து தரவைப் பெற்று வந்தன. பயனாளரிடமிருந்து வாயில் வரையான பாதை மறைகுறியாக்கப்பட்டிருந்தது. வாயிலுக்கு உள்ளே, தம் சொந்த வடம் என்ற நம்பிக்கையினால், மறைகுறியாக்கம் நிகழாது தரவு சென்றது. கூகிள் அதன்பின் தன் நிலையங்களுக்கிடையிலான தொடுப்புகளை மறைகுறியாக்கும் பணியை விரைந்து முடித்தது. யாகூவும் 2014 இல் அவ்வாறு செய்ததாக அறிவித்தது. தனிமை வேறு, மறைவு வேறு என்பதே இதன் பாடம். குத்தகை வடத்தின் மீதும் சுரங்கத்தை அமைப்பது, அல்லது வடத்தின் இரு முனைகளிலும் மறைகுறியாக்கும் கருவிகளை வைப்பது இன்று தக்க நடைமுறையாகக் கொள்ளப்படுகின்றது.

மேற்கூறிய பொறுப்பாளரின் நிறுவனத்துக்குத் தனிவடம் எட்டாத செலவு. பொது இணையத்தின் மேலான சுரங்கமே தெரிவாயிற்று. அவ்வாறான பணியில் இறங்குவோர் எதிர்கொள்ளும் இடர்கள் பெரும்பாலும் பகைவரால் விளைவன அல்ல. கவனியாது விடப்பட்ட சிறு விடயங்களால் விளைவன. முகவரிகள் அவற்றுள் முதலாவது. 1996 ஆம் ஆண்டின் ஏற்பாடொன்றின்படி, எந்நிறுவனமும் தன் உள்வலையமைப்பிற் பயன்படுத்தத்தக்க மூன்று முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. அவை யாவருக்கும் பொதுவாதலால், அறையிலும் முகிலிலும் ஒரே முகவரிகள் அமைந்துவிடுதல் எளிது. இரு கிராமங்களில் ஒரே இலக்கமுடைய வீடுகள் இருப்பதாற் குழப்பமில்லை. கிராமங்கள் ஒன்றாகும்போதுதான் தபாற்காரர் திகைக்கின்றார். ஆகவே எதிர்காலத்தில் இணையக்கூடிய யாவற்றுக்கும் சேர்த்து முகவரிகளை முன்கூட்டியே பகிர்ந்துகொள்ளல் வேண்டும்.

பொதியின் பருமன் இரண்டாவது. வழமையான வலையமைப்பில் ஒரு பொதி 1,500 பைற்றுகளை மேவக்கூடாது. கடிதத்தை இன்னொரு உறையில் இடும்போது உறைக்கும் இடம் வேண்டும்; சுரங்கத்தின் உறை ஏறத்தாழ 50 முதல் 70 பைற்றுகளைக் கொள்ளும். உள்ளே வைக்கும் கடிதத்தைச் சுருக்காது விட்டால் விந்தையானதொரு கோளாறு தோன்றும்: சிறு செய்திகள் யாவும் தடையின்றிச் செல்லும், பரிசோதனைகள் யாவும் வெற்றிபெறும், பெரிய கோப்புகள் மட்டும் நடுவழியில் நின்றுவிடும். நோயின் குறி தெளிவில்லாததால் நாட்கள் வீணாகும். அனுப்பும் பகுதிகளின் உச்ச அளவைக் கருவியிற் குறைத்து வைப்பதே இதற்குப் பரிகாரம். மூன்றாவது, பாதை ஒன்றேயாயிருத்தல். முகில் நிறுவனங்கள் பொதுவாக இரண்டு சுரங்கங்களை வழங்குகின்றன. ஒன்று பராமரிப்புக்காக மூடப்படினும் மற்றையது இயங்கும். இரண்டையும் ஒரே வடத்தின் வழியே அனுப்புபவர், ஒரே கிணற்றில் இரண்டு வாளிகளை விட்டு இரண்டு கிணறுகள் உள்ளன என மகிழ்பவரை ஒத்தவர்.

சுரங்கம் அமைந்து தரவு செல்லத் தொடங்கியதும் பணி முடிந்ததென எண்ணுவது இயல்பு. உண்மையில் மிகக் கடினமான வினா அப்பொழுதே எழுகின்றது. பாதை இருவழிப்பட்டது, உரியவர் செல்லும் வழியே கள்வனும் செல்லலாம். ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் வழங்கும் கொலோனியல் குழாய்வழி நிறுவனம் 2021 மே மாதத்தில் தாக்கப்பட்டபோது, மறைகுறியாக்கத்தை எவரும் உடைக்கவில்லை. எவரும் பயன்படுத்தாது கிடந்த தொலைநுழைவுக் கணக்கொன்றின் கடவுச்சொல் களவுபோயிருந்தது. இரண்டாவது மெய்ப்பிப்பு எதுவும் கேட்கப்படவில்லை. குழாய்வழி ஏறத்தாழ ஆறு நாட்கள் மூடப்பட்டது. 44 இலட்சம் டொலர் கப்பம் செலுத்தப்பட்டது. சுவர் வலிது, பூட்டு வலிது. மறந்துபோன திறப்பொன்று வெளியே கிடந்தது. இத்தகைய அனுபவங்களின் பயனாகவே, உள்ளே நிற்பவர் என்பதற்காக எவரையும் நம்புதல் ஆகாது என்னும் கொள்கை வலுப்பெற்றது. ஜோன் கின்டர்வாக் 2010 இல் முன்வைத்த இக்கருத்தை அமெரிக்க நியம நிறுவகம் 2020 இல் முறையானதொரு வழிகாட்டலாக வெளியிட்டது. இதன்படி, ஒவ்வொரு கோரிக்கையும் எவ்விடத்திலிருந்து வரினும் தனித்தனியே சோதிக்கப்படல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரது பணிக்கு இன்றியமையாத உரிமை மட்டுமே வழங்கப்படல் வேண்டும்.

இக்கொள்கையைப் பொறுப்பாளர் தமக்கேற்றவாறு விளங்கிக்கொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. அறையிலிருந்து முகிலுக்குப் புதிய பிரதிகளைச் சேர்க்கலாம். ஏற்கெனவே சேர்த்தவற்றை அறையிலிருந்து அழிக்கவோ மாற்றவோ இயலாது. குறித்த காலம் முடியும்வரை முகிலே அவ்வுரிமையை மறுக்கும். முகிலிலிருந்து அறையினுள் தானாக எதுவும் நுழைய இயலாது. அறை முழுவதும் கள்வன் கைப்பட்டாலும் அவன் முகிலிலுள்ள பிரதியைத் தொட முடியாது. கோயில் உண்டியலில் எவரும் இடலாம், எடுப்பதற்கு அறங்காவலர் கூடவேண்டும் என்ற பழைய ஏற்பாட்டோடு இதனை ஒப்பிட்டு அவர் தம் உதவியாளருக்கு விளக்குவாராம். பாதை அகலமாக இருப்பதைப் பெருமையாகக் கொள்ளும் காலத்தில், அதனை வேண்டிய அளவுக்கு ஒடுக்குவதிலேயே காவல் தங்கியுள்ளது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஏற்பாடுகள் யாவும் முடிந்ததை அறிந்த முதிய நூலகர் மகிழ்ந்தார். எனினும் அவரிடம் இன்னுமொரு கேள்வி இருந்தது.

"எல்லாம் நல்லது, தம்பி. திறப்பு ஆரிட்டை இருக்கு?"

தரவு அறையை விட்டுப் புறப்படுமுன்னரே மறைகுறியாக்கப்படுவதால், முகில் நிறுவனத்தார் தாமும் அதனைப் படிக்கவியலாது எனப் பொறுப்பாளர் விளக்கினார். அதற்குரிய திறப்பு தம்மிடமே இருப்பதாகவும் கூறினார். நூலகர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப நீங்கள் இல்லாத நாளையில?" என்றார்.

அவ்வினாவின் ஆழத்தை அளவிடுதல் எளிதன்று. திறப்பை முகிலிடம் கொடுத்தால், பிறரை நம்ப வேண்டியதாகின்றது. தம்மிடமே வைத்திருந்தால், தம் ஆயுளையும் நினைவையும் நம்ப வேண்டியதாகின்றது. அறை எரியும் நாளில் அவ்வறையினுள்ளேயே இருந்த திறப்பும் எரிந்துபோகுமாயின், தொலைவில் முழுமையாய் இருக்கும் பிரதி எவராலும் படிக்கவியலாத சாம்பலாகவே இருக்கும். 1981 இன் இழப்பு, தீயின்றியே மீண்டும் நிகழும். இச்சிக்கலுக்கும் கணிதம் ஒரு வழி கூறியுள்ளது. அடி ஷமீர் 1979 இல் வெளியிட்ட முறையின்படி ஓர் இரகசியத்தைப் பல கூறுகளாக்கி வெவ்வேறு ஆட்களிடம் ஒப்படைக்கலாம். ஐந்து கூறுகளுள் எந்த மூன்று சேர்ந்தாலும் இரகசியம் முழுமையாய் மீளும், இரண்டு மட்டும் சேர்ந்தால் எதுவும் வெளிப்படாது. நிறுவனம் அவ்வழியையே ஏற்றது. கூறுகள் ஐந்தும் வெவ்வேறு பொறுப்பிலுள்ள ஐவரிடம், வெவ்வேறு ஊர்களில் உள்ளன. ஒருவர் பதவி விலகும்போது பழைய கூறுகள் யாவும் நீக்கப்பட்டுப் புதியவை வழங்கப்படுகின்றன. வீட்டுப் பெரியவரின் மடியிலிருந்த திறப்பு இவ்வாறு ஒரு சமூகத்தின் கூட்டுப் பொறுப்பாயிற்று.

நாளைய இடர்கள் எவ்வாறிருக்கும் என்பதையும் இத்துறையினர் இன்றே சிந்திக்க வேண்டியவராகின்றனர். ஆற்றல்மிக்க குவாண்டம் கணினிகள் உருவாகுமாயின், 1976 ஆம் ஆண்டின் திறப்புப் பரிமாற்ற முறை உடைபடும் என்பது கணித அடிப்படையில் அறியப்பட்டதே. இன்று சுரங்கத்தின் வழியே செல்வதைப் படிக்கவியலாவிடினும் பதிந்து வைத்து, பின்னொரு நாளில் திறந்து படிக்க முனைவோர் இருக்கலாம். பிள்ளையொன்றின் பதிவேடு ஐம்பது ஆண்டுகள் இரகசியமாயிருக்க வேண்டியதாயின், இன்றைய பூட்டு ஐம்பது ஆண்டுகள் தாங்குமா என்று கேட்டல் தகும். இதனைக் கருத்திற்கொண்டே அமெரிக்க நியம நிறுவகம் 2024 ஓகஸ்ற் மாதத்தில் புதிய திறப்புப் பரிமாற்ற நியமமொன்றை வெளியிட்டது. ஆகவே சுரங்கம் ஒருமுறை கட்டிமுடித்து மறந்துவிடும் பொருளன்று. வீட்டுக் கூரையைப்போல ஆண்டுதோறும் ஏறிப் பார்த்து மேய வேண்டியதொன்றாகும்.

இவை யாவற்றையும் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. அறையையும் முகிலையும் பாதுகாப்பாக இணைத்தல் என்பது நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து நீக்கி இன்னோரிடத்தில் வைப்பதன்று. அதனைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறையும் சோதிக்கத்தக்கதாக்கி, எதுவும் தனித்து வீழ்ந்தாலும் முழுமை வீழாதவாறு பகிர்ந்து வைப்பதேயாகும். வடத்தை நம்பாது மறைகுறியாக்கத்தை நம்புதல், இடத்தை நம்பாது அடையாளத்தை நம்புதல், ஒருவரை நம்பாது பலரின் ஒருமிப்பை நம்புதல் என்னும் இவை கணினித் துறைக்கு மட்டும் உரிய விதிகள் அல்ல. இழந்து அறிந்த மக்கள் தம் ஏனைய செல்வங்களைக் காப்பதற்கும் இவையே வழியாகலாம்.

இறுதியாக ஒன்று. அனுப்பிய பிரதி மீண்டு வருமா என்பதை மீட்டுப் பார்த்தேயன்றி அறிதல் இயலாது. அப்பொறுப்பாளர் ஆண்டுக்கு இருமுறை, வெறுமையான கணினியொன்றை நிறுத்தி, திறப்பின் கூறுகளை உடையோரில் மூவரை அழைத்து, முகிலிலிருந்து யாவற்றையும் மீட்டெடுத்து, சுவடிகளின் ஏடுகள் சிலவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றார். அன்று நூலகரும் வந்திருந்து ஏடுகளைத் தம் கண்ணாற் படித்துச் சரிபார்ப்பது வழமையாகிவிட்டது. கடலிலிருந்து எழுந்த நீரை நிலத்துக்கு மீட்டுத் தருவதனாலேயே வானத்து முகில் போற்றப்படுகின்றது. மனிதர் அமைத்த முகிலுக்கும் அளவுகோல் அதுவேயாம்.